அங்கே போகமாட்டோம்

ஆன்ஃபீல்ட் என்றால் லிவர்பூல் அணி. கால்பந்தை அரைகுறையாகப் பார்க்கிறவர்களுக்கும் இது தெரியும். ஆனால் அந்த மைதானத்தில் முதன்முதலில் லீக் பட்டம் வென்றது லிவர்பூல் அல்ல. 1890–91 பருவத்தில் அங்கே ஆடிப் பட்டம் வென்ற அணி எவர்டன். அப்போது லிவர்பூல் என்று ஒரு அணியே கிடையாது. குடியிருந்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். காலி வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த வீட்டுக்காரர் தொடங்கிய அணிதான் லிவர்பூல்.

அந்த வீட்டுக்காரர் ஜான் ஹோல்டிங். மதுபான ஆலை முதலாளி, ஊர் அரசியல்வாதி, எவர்டன் சங்கத்தின் தலைவரும் அவரே. 1884இல் எவர்டன் ஆன்ஃபீல்டுக்கு வந்தது அவருடைய ஏற்பாட்டில்தான். ஆட்டக்காரர்கள் உடை மாற்றியது அவருடைய சாண்டன் ஹோட்டலில். மைதானத்தில் குடிக்கவும் கொறிக்கவும் விற்கும் உரிமை அவருக்கு மட்டும். அணி வளர வளர வாடகையும் வளர்ந்தது, 100 பவுண்டாக இருந்தது 250 பவுண்டுக்குப் போனது. கடைசியில் நிலத்தையே சங்கம் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டத்தோடு வந்தார். சங்க உறுப்பினர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். இருப்பதா, போவதா?

எதிர்த்தரப்பில் நின்றவர் ஜார்ஜ் மாஹன். கணக்காளர், மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர். சாராய முதலாளிக்கும் தேவாலய வாத்தியக்காரருக்கும் நடந்த மோதல் என்று இதைச் சொல்லிவிடலாம், சொன்னவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வாடகைக்கு இருந்த எவருக்கும் இந்தக் கதை புரியும். சுண்ணாம்பு அடித்து, குழாய் மாற்றி, தோட்டம் போட்டு வீட்டை நாம் அழகாக்கிவிட்டால், வீடு நல்லா இருக்கே என்று சொல்லி அதற்கே வாடகையை ஏற்றுவார்கள் அல்லவா, அதுதான் நடந்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம், ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில், மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தைப் பிடித்தார்கள். ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவர் வட்டியில்லாமல் 1,000 பவுண்டு கடன் கொடுத்தார். 1892 ஆகஸ்ட் 24 அன்று குடிசன் பார்க் திறக்கப்பட்டது. அன்றைக்குக் கால்பந்தே ஆடவில்லை. ஓட்டப் பந்தயம், இசை, வாணவேடிக்கை, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் எவர்டன் ரசிகர்கள் பழைய மைதானத்தை விடலாமா கூடாதா என்று கால் நூற்றாண்டு காலம் வாக்குவாதம் செய்தபோது, வெளியே இருந்து பார்த்தவர்கள் அதைப் பழமைக்கும் புதுமைக்கும், மனசுக்கும் பணத்துக்கும் நடக்கும் சண்டையாக எழுதினார்கள். பாசக்காரர்கள் இருக்கச் சொல்கிறார்கள், கணக்குத் தெரிந்தவர்கள் போகச் சொல்கிறார்கள் என்று. ஆனால் இந்த அணியே ஒரு வெளியேற்றத்தில்தான் தன் முகத்தைக் கண்டுகொண்டது. போவது அவர்களுக்குப் புதிதல்ல. எங்கே போவது, யார் சொல்லிப் போவது என்ற இரண்டு கேள்விகள்தான் 1892லும் இருந்தன, 2007லும் இருந்தன.

குடிசன் எப்படிப்பட்ட இடம் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். வால்டன் பகுதியில், செங்கல் வரிசை வீடுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கும் மைதானம். ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம், இரண்டு பார்வையாளர் மாடங்களுக்கு நடுவே முழங்கையை நீட்டிக்கொண்டு இருக்கும். முன்பெல்லாம் அதன் கூரையில் ஏறி ஓசியில் ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. மாடங்களைக் கட்டியதில் பெரும்பங்கு ஆர்ச்சிபால்ட் லீச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளருக்கு. மேல் மாடத்தின் முகப்பில் பெருக்கல் குறிகளை அடுக்கியதுபோல் இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். புல்லன்ஸ் சாலைப் பக்கம் அந்தப் பெருக்கல் குறிகள் கடைசிவரை இருந்தன. 1938இல் கிளாடிஸ் தெரு மாடம் முடிந்தபோது, நான்கு பக்கமும் இரண்டடுக்கு மாடங்கள் கொண்ட முதல் பிரிட்டிஷ் மைதானமாக அது ஆனது. 1948 செப்டம்பரில் லிவர்பூலுடனான ஆட்டத்துக்கு 78,299 பேர் உள்ளே இருந்தார்கள். 1966 உலகக் கோப்பையில் பெலே இங்கே ஆடினார். அதே கோப்பையின் காலிறுதியில் வட கொரியா மூன்று கோல் முன்னிலை எடுத்து உலகத்தைத் திகைக்கவைத்ததும், யூசேபியோ நான்கு கோல் போட்டு போர்ச்சுகலைக் கரையேற்றியதும் இந்தப் புல்தரையில்தான். ஒரே பருவத்தில் 60 லீக் கோல் அடித்த டிக்ஸி டீன், 1980 மார்ச்சில் எவர்டன்–லிவர்பூல் ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில், குடிசனிலேயே உயிர்விட்டார். கதைக்காகச் சொன்னால் மிகை என்று அடித்துவிடுவார்கள். நடந்தது.

அஸ்தி விஷயமும் இருக்கிறது. இறந்த ரசிகர்களின் அஸ்தியை மைதானத்தின் ஓரங்களில் புதைக்கக் குடும்பங்கள் அனுமதி கேட்பதும், சங்கம் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. 800க்கும் மேற்பட்டவர்களின் அஸ்தி சேர்ந்தபிறகு, இனி இடமில்லை என்று 2004இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு விளையாட்டு மைதானம் இடம் போதாமல் மூடவேண்டிய அளவுக்கு இடுகாடாகவும் இருந்தது. இதை வெறும் ரசிக வெறி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்பா எங்கே என்று கேட்டால் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் என்று சொல்லக்கூடிய குடும்பங்களிடம் போய் சதுர மீட்டருக்கு எவ்வளவு வருமானம் என்று பேச்சை ஆரம்பிக்க முடியாது.

அதேசமயம் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். குடிசனில் ஏராளமான இருக்கைகளுக்கு முன்னால் தூண் நின்றது. கோல் விழுந்ததைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளும் இருக்கைகள். முழங்காலை மடக்கி வைக்கக்கூட இடம் கிடையாது. பழைய மர இருக்கைகளைப் பார்த்து உருகுகிறவர்கள் 1985இல் பிராட்ஃபோர்டில் மர மாடம் எரிந்து 56 பேர் இறந்ததையும் நினைத்துக்கொள்ளவேண்டும். லீச்சே கிளாஸ்கோவில் வடிவமைத்த ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1902இல் மரத்தளம் உடைந்து 25 பேர் செத்தார்கள். 1989இல் ஹில்ஸ்பரோவில் நடந்த நெரிசலில் இறந்த 97 பேரும் லிவர்பூல் ரசிகர்கள். அந்த நகரத்தில் யாருக்கும் அதைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதன்பிறகு நின்று பார்க்கும் படிகள் எடுக்கப்பட்டு எல்லா இடமும் இருக்கைகளாயின. ஒரு காலத்தில் 78,000 பேரை அடைத்த குடிசன், 40,000க்குக் கீழே வந்தது.

இடம் குறைந்ததோடு ஆட்டத்தின் பொருளாதாரமும் மாறியது. 1992இல் பிரீமியர் லீக் பிறந்தது. பழைய லீக்கிலிருந்து பெரிய அணிகள் பிரிந்து போகவேண்டும் என்று முன்னின்று பேசிய ஐந்து சங்கங்களில் எவர்டனும் ஒன்று. அவர்கள் கதவைத் திறந்துவிட்ட அந்தப் பணம், அவர்களைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது. சாப்பாட்டு மேசையோடு கூடிய கண்ணாடி அறைகள், நிறுவன விருந்தினர்கள் என்று மற்ற அணிகள் ஆட்டநாள் வருமானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தன. குடிசனை அப்படி விரிக்க ஒரு பக்கம் தேவாலயம், ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மீதிப் பக்கம் வீடுகள். 1966க்காக பார்க் எண்ட் பின்புறம் சில வீடுகளை வாங்கி இடித்தார்கள்தான். ஆனால் அது அறுபதுகள். மறுபடியும் தெருவை விழுங்க முடியுமா?

முடியும் என்பதற்குப் பூங்காவுக்கு அந்தப் பக்கமே சாட்சி. லிவர்பூல் சங்கமும் புதிய மைதானம் கட்டப்போகிறோம் என்று பத்தாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, 2012இல் ஆன்ஃபீல்டிலேயே இருந்து விரிவுபடுத்துவது என்று தீர்மானித்தது. ரசிகர்களுக்குப் பெரிய சந்தோஷம். அந்த விரிவுக்காக ஆண்டுக்கணக்கில் அக்கம்பக்கத்து வீடுகள் வாங்கப்பட்டு, பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தன. குடியிருந்தவர்கள் பாழ் வீடுகளுக்கு நடுவே வாழ்ந்துவிட்டுக் கடைசியில் அவர்களும் கிளம்பினார்கள். அணி இடம்பெயராமல் இருக்க, தெரு இடம்பெயர்ந்தது. பழைய மைதானத்திலேயே இருப்பது என்றால் யாருக்கும் வலிக்காத தீர்வு என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எவர்டனின் முதல் கனவு கிங்ஸ் டாக். நகரத்தின் மையத்தை ஒட்டி, மெர்சி ஆற்றங்கரையில், 55,000 பேருக்கான மைதானம். ரசிகர்களில் பெரும்பாலானோர் மயங்கிப்போனார்கள். ஊருக்குள்ளே, ஆற்றைப் பார்த்தபடி, வேறென்ன வேண்டும்? தங்கள் பங்குக்கான 3 கோடி பவுண்டைச் சங்கத்தால் புரட்ட முடியவில்லை. 2003இல் திட்டம் கைவிட்டுப் போனது. இன்று அங்கே இசைக் கச்சேரி அரங்கம் நிற்கிறது. எவர்டன் ரசிகர்களிடம் கிங்ஸ் டாக் என்று சொல்லிப் பாருங்கள். அவ்வளவு நல்ல சம்பந்தம் தட்டிப்போன வீட்டில் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

மயங்கினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். குடிசனை விட்டுப் போக அவர்கள் அப்போதே தயாராக இருந்தார்கள். ஆனால் 2006இல் சங்கத் தலைவர் பில் கென்ரைட் தரப்பு அடுத்த திட்டத்தோடு வந்தபோது ஊர் இரண்டுபட்டது. டெஸ்கோ என்ற பெரும் பல்பொருள் அங்காடி நிறுவனம் கர்பி என்ற இடத்தில் ஒரு கடைத்தொகுதி கட்டும். அதோடு சேர்த்து எவர்டனுக்கு மைதானம். டெஸ்கோவின் தலைமை நிர்வாகி டெர்ரி லேஹி எவர்டன் ரசிகர். சங்கத்துக்குச் செலவு குறைவு. எல்லாம் கூடி வந்த மாதிரிதான் இருந்தது, ஒன்றைத் தவிர. கர்பி, லிவர்பூல் நகர எல்லைக்கு வெளியே நோஸ்லி என்ற வேறொரு நிர்வாகத்துக்குள் இருக்கிறது.

தூரம் என்று பார்த்தால் குடிசனிலிருந்து நாலு மைல் இருக்கும். நம் ஊரில் டீ குடிக்கப் போகிற தூரம். ஆனால் 2007இல் ரசிகர்கள் அமைப்பு ஒன்று உருவானது. 'எவர்டன் எங்கள் நகரத்திலேயே இருக்கட்டும்' என்பதுதான் அதன் பெயரே. குடிசனிலேயே இருக்கட்டும் என்று பெயர் வைக்கவில்லை, நகரத்திலேயே இருக்கட்டும் என்று வைத்தார்கள். நான் இந்தச் சண்டையைப் புரிந்துகொண்டது அந்தப் பெயரிலிருந்துதான். அவர்கள் 'போகமாட்டோம்' என்று சொல்லவில்லை. 'அங்கே போகமாட்டோம்' என்றார்கள். நிர்வாகமும் பத்திரிகைகளில் ஒரு பகுதியும் அந்த 'அங்கே'யை மட்டும் நறுக்கிவிட்டுக் கேட்டன. முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் பழம்பஞ்சாங்கங்கள் என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்தது.

சங்கம் பருவச்சீட்டு வைத்திருப்பவர்களிடமும் பங்குதாரர்களிடமும் வாக்கெடுப்பு நடத்தியது. 59 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்கள் கர்பிக்கு ஆம் என்றார்கள். ஆம் சொன்னவர்களை நான் குறைசொல்லமாட்டேன். இதைவிட்டால் வேறு வழியில்லை, இல்லையேல் அணி தேய்ந்துபோகும் என்பதுதான் நிர்வாகத் தரப்பின் சாரம். நகர மன்றத் தரப்பிலிருந்து ஸ்காட்லாந்து சாலை அருகே மாற்று இடம் ஒன்று காட்டப்பட்டது, அது சரிப்படாது என்று சங்கம் ஒதுக்கியது. வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு நடத்தும் வாக்கெடுப்பில், பயத்தைத்தான் எண்ணுகிறார்கள். அப்படியும் பத்தில் நான்கு பேர் முடியாது என்று சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

கர்பிக்காரர்கள் பக்கம் நின்றும் இதைப் பார்க்கவேண்டும். இந்தப் பேச்சில் அவர்கள் பட்ட அவமானத்தை யாரும் பெரிதாக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. 1951இல் கர்பி சுமார் 3,000 பேர் வாழ்ந்த கிராமம். பத்தே ஆண்டில் மக்கள்தொகை 50,000ஐத் தாண்டியது. யார் வந்தவர்கள்? போருக்குப் பின் லிவர்பூலின் நெரிசலான சேரித் தெருக்களைக் காலி செய்து, நகர நிர்வாகமே கொண்டுபோய்க் குடிவைத்த குடும்பங்கள். அதாவது, லிவர்பூல்காரர்கள். எவர்டன் பைத்தியங்கள் அங்கே ஏராளம். அவர்களைப் பார்த்து, நீங்கள் இருக்கிற ஊர் எங்கள் நகரம் இல்லை, அங்கே வந்தால் எங்கள் அடையாளம் போய்விடும் என்று சொந்த அண்ணன் தம்பிகளே சொன்னால் எப்படி இருக்கும்?

இன்னொரு வேடிக்கை. எவர்டன் வீரர்கள் களத்துக்குள் வரும்போது அறுபதுகளிலிருந்து ஒரு இசை ஒலிக்கிறது. ஸீ-கார்ஸ் என்ற பிபிசி போலீஸ் தொடரின் முகப்பு இசை அது. அந்தத் தொடர் நடக்கும் கற்பனை நகரத்துக்கு மாதிரியாக இருந்த ஊர் கர்பி. தங்கள் மேனி சிலிர்க்கவைக்கும் பாட்டு எந்த ஊருக்காக உருவானதோ அந்த ஊருக்குப் போகமாட்டோம் என்று போராடினார்கள். ஆனாலும் போராடியவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அவர்களுடைய வாதத்தின் வலு நகர எல்லைக்கோட்டில் இல்லை. கடைத்தொகுதிக்கு ஒரு ஈர்ப்பாகத் தங்கள் அணியை ஒட்டவைக்கிறார்கள், போக்குவரத்துத் திட்டம் அரைவேக்காடு, சங்கத்துக்குக் கிடைக்கும் லாபம் சொல்கிற அளவு இல்லை என்று கணக்குப்போட்டுக் காட்டினார்கள். மனசுக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துப் பேசினார்கள்.

2008 இறுதியில் பொது விசாரணை தொடங்கியது. அந்த ரசிகர் அமைப்பும் சாட்சியம் சொன்னது. 2009 நவம்பரில் அரசு திட்டத்தை நிராகரித்தது. காரணம்? பெருமளவுக்குக் கடைகள். அவ்வளவு பெரிய அங்காடி வந்தால் சுற்றியுள்ள சிற்றூர்களின் கடைத்தெருக்கள் படுத்துவிடும் என்ற கவலைதான் முன்னால் நின்றது. அடையாளம், வரலாறு, அஸ்தி எல்லாவற்றையும் பற்றி ஆயிரக்கணக்கானவர்கள் பேசித் தீர்த்தபிறகு, ஒரு மைதானத்தின் விதியைத் தீர்மானித்தது பக்கத்து ஊர் மளிகைக் கடைகள். வரலாறு பல நேரம் இப்படித்தான் முடிவெடுக்கிறது. யார் அதிகம் அழுதார்கள் என்று பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வால்டன் ஹால் பார்க் என்ற பக்கத்துப் பூங்காவைக் காட்டினார்கள். அதுவும் 2016இல் போயிற்று. அதே ஆண்டு ஃபர்ஹாத் மொஷிரி பணத்தோடு வந்தார். 2017இல் பிராம்லி-மூர் துறைமுகத் தொட்டிக்கு 200 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வாடகைத் தகராறில் பிறந்த மைதானத்தை விட்டு மறுபடியும் குத்தகை நிலத்துக்கு. வாடகை பெயரளவுதான் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

குடிசனிலிருந்து இது இரண்டு மைல்தான். நகரத்துக்குள். மெர்சி ஆற்றின் மேல். 1848இல் ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் கருங்கல்லில் கட்டிய கப்பல் தொட்டி, நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர்போனது. பின்னாளில் ஓய்ந்துபோன இடம். கர்பிக்கு எதிராகக் கொடிபிடித்தவர்கள் இதற்கு ஏன் கொடிபிடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அந்தத் துறைமுகச் சுவர் அந்த ஊர் உழைக்கும் குடும்பங்களுக்கு அந்நியமில்லை. சண்டை கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. குடிசன் வேண்டும் என்று கடைசிவரை சொன்னவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் குரலில் கோபம் போய் துக்கம் வந்திருந்தது.

இந்த முறை எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. லிவர்பூலின் துறைமுகப் பகுதி 2004 முதல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம். 2012இலேயே ஆபத்துப் பட்டியலில் போட்டிருந்தார்கள், ஆற்றங்கரையில் எழும் கட்டடங்களுக்காக. தொட்டியை மணல்போட்டு மூடி மைதானம் கட்டும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் நகர மன்றம் அனுமதி தந்தது. ஜூலையில் யுனெஸ்கோ குழு பட்டத்தைப் பறித்தது. ஓமானின் ஓரிக்ஸ் சரணாலயத்துக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் அடுத்து, பட்டம் இழந்த மூன்றாவது இடம். ஊர் மக்களிடம் பெரிதாக அசைவு இல்லை. முள்வேலி போட்டு மூடிக்கிடந்த கப்பல் தொட்டியில் யாருக்கு என்ன பாரம்பரியம் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

எனக்கு இங்கே ஒரு நெருடல் உண்டு. 1892இல் கட்டிய மைதானம் புனிதம், 1848இல் கட்டிய தொட்டி வெறும் குழி என்று எப்படி ஆகிறது? பழமைதான் அளவுகோல் என்றால் தொட்டி மூத்தது. கட்டடக் கலைதான் என்றால் ஹார்ட்லியின் கருங்கல் வேலைக்கு முன்னால் லீச்சின் இரும்புச் சட்டம் நிற்காது. மக்கள் புழங்கினால்தான் அது பாரம்பரியம் என்று ரசிகர்கள் சொல்லாமல் சொன்னார்கள். பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்கிறேன். புழங்காத கோயில்களை நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்தால் மீதிப் பாதி இடிக்கிறது. கட்டியவர்கள் கொஞ்சம் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தொட்டியின் சுவர்களை இடிக்காமல் ஐரிஷ் கடலிலிருந்து மணலைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். எல்லைச் சுவரும் பழைய நீரழுத்தக் கோபுரமும் நிற்கின்றன.

விலை சாதாரணமில்லை. செலவு 75 கோடி பவுண்டைத் தாண்டியது. கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அணி கீழ்ப்பிரிவுக்கு விழும் விளிம்புக்குப் போய்வந்தது. அனுமதித்த நஷ்ட வரம்பை மீறியதற்காக 2023–24 பருவத்தில் மொத்தம் 8 புள்ளிகள் வெட்டினார்கள். முதலில் 10 வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, பிறகு இன்னொரு 2. 2023 ஆகஸ்டில் கட்டுமானத் தளத்தில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்தார். அவரும் எவர்டன் ரசிகர். கென்ரைட் அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். மொஷிரி 2024 டிசம்பரில் அமெரிக்க முதலாளிகளிடம் சங்கத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மைதானத்தை ஆரம்பித்தவர்கள் யாரும் திறப்புவிழாவில் முதலாளியாக இல்லை.

2025 மே 18, சவுத்தாம்ப்டனுடன் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். இலிமான் என்ஜாய் இரண்டு கோல் போட்டார், 2–0. உள்ளே சீட்டு இல்லாத பெருங்கூட்டம் தெருக்களில் நின்றது. அடுத்து ஆகஸ்ட் 24 அன்று, குடிசன் திறந்து சரியாக 133 ஆண்டு கழித்து, ஆற்றங்கரையில் முதல் லீக் ஆட்டம். கிட்டத்தட்ட 53,000 இருக்கைகள். தூணே இல்லை. மைதானத்துக்கு ஒரு சட்ட நிறுவனத்தின் பெயர், ஹில் டிக்கின்சன். முதல் கோலும் என்ஜாய்தான்.

நம் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். கால்பந்தில் திரும்பி வருவது கிடையாது. இங்கிலாந்தில் இடம்மாறிய அணிகளின் பழைய மைதானங்களில் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அர்செனலின் ஹைபரியும், வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க்கும் அப்படித்தான் ஆயின. குடிசனுக்கும் அதே தலையெழுத்தைத்தான் எழுதிவைத்திருந்தார்கள். இடித்துவிட்டு வீடுகள், மருத்துவ மையம், கடைகள். வால்டன் தெருக்காரர்களுக்கு அதுவாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஆட்டநாள் வருமானத்தை நம்பி வாழ்ந்த மதுக்கூடங்கள், வறுத்த மீன் கடைகள், தாவணிபோல் அணியின் கழுத்துத்துணியைத் தொங்கவிட்டு விற்ற தெருவோரக்காரர்கள் ஆகியோருக்கு அதுவும் கிடையாது. இருபத்தைந்து வருட வாக்குவாதத்தில் இவர்களிடம் யாரும் வாக்குச்சீட்டை நீட்டவில்லை.

அப்புறம் கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னால் புதிய உரிமையாளர்கள் ஒன்று அறிவித்தார்கள். குடிசனை இடிக்கப்போவதில்லை. எவர்டன் பெண்கள் அணி அங்கே குடிவரும். அதுவரை அவர்கள் வால்டன் ஹால் பார்க்கில், சில ஆயிரம் பேருக்கு மட்டும் இடமுள்ள சிறிய மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கென்று யோசித்துக் கைவிட்ட அதே பூங்காதான்.

எவ்வளவோ யோசித்த ரசிகர்கள், போராடிய அமைப்புகள், நிபுணர் அறிக்கைகள் எதிலும் முன்வரிசையில் வராத தீர்வு இது. ஆனால் குடிசனுக்கு இது புதிதில்லை. 1920 டிசம்பர் 26 அன்று டிக் கெர் லேடீஸ் என்ற பிரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்கள் அணி, செயிண்ட் ஹெலன்ஸ் பெண்களோடு இங்கே ஆடியது. உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே நின்றார்கள். 4–0. வசூலான பணம் முன்னாள் போர்வீரர்களுக்குப் போனது. மறு ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லி, தன் உறுப்பு மைதானங்கள் எதிலும் அவர்கள் ஆடக்கூடாதென்று தடைபோட்டது. தடை எடுக்கப்பட ஏறத்தாழ 50 ஆண்டுகள் பிடித்தன. குடிசனின் கதவு பெண்களுக்கு மூடப்பட்டபோது 'எங்கள் மைதானம்' என்று யாரும் கொடிபிடிக்கவில்லை.

2025 செப்டம்பரிலிருந்து எவர்டன் பெண்கள் குடிசனில் லீக் ஆடுகிறார்கள். தூண்கள் அப்படியே இருக்கின்றன. கார்னர் கொடிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.